வெந்நீர் ஊற்றுக் கன்னையா

கன்னையாவுக்கு ஆட்களின் முகம் மனத்தில் நிற்பதில்லை. முதுகுதான் நிற்கும். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கங்காணிக்கு அடியாளாக இருந்தவன் அவன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். வராதவன், பிந்தி வந்தவன், பால் குறைத்து இறக்கியவன், கங்காணிக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்க்க மறந்தவன் என்று யாராவது ஒருவன் அகப்படுவான். அவனைக் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கன்னையா ரோத்தான் என்கிற பிரம்பை எடுப்பான். அடிபடுகிறவன் தூணைப் பார்த்து நிற்பதால் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய அவசியம் கன்னையாவுக்கு வந்ததே இல்லை.

அடிப்பதில் அவன் கெட்டிக்காரன். சொல்லவே வயிறு எரிகிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். பிரம்பை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டு வைப்பான். எலும்பில் படாமல், மறுநாள் மரம் சீவப் போகிற கைக்குப் பங்கம் வராமல், சதையில் மட்டும் வரிவரியாக இறக்குவான். ஒரு வரிமேல் இன்னொரு வரி விழாது. “கன்னையா அடிச்சா ஆளும் கெடாது, வேலையும் கெடாது” என்று கங்காணி நாலு பேர் முன்னால் மெச்சுவார். அந்த மெச்சலுக்கும் சாயங்காலக் கள்ளுக்கும் கன்னையா வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தான்.

ஒரு தைப்பூசத்துக்கு, புதிதாகக் கல்யாணமான ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு, அவளுக்கு வளையல் வாங்கிப் போட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். தோட்டத்தில் ஒரு கூலிக்காரன் உல்லாசப் பயணம் போவதா? கங்காணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அந்தப் பெண்ணைக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தினார். அவள் கண்ணை மூடினால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடி கூட என்றார்.

அன்றைக்குப் பார்த்துப் பிரம்பின் நுனி பிளந்துகொண்டது. வேறு பிரம்பு எடுத்துவரக் கன்னையாவுக்குப் பொறுமை இல்லை. பிளந்த பிரம்பாலேயே மீதியையும் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் இரண்டிரண்டு கோடாக, தண்டவாளம் மாதிரி, தோல் பிய்ந்து ரத்தம் இடுப்பு வேட்டி வரைக்கும் இறங்கியது. அந்தப் பெண் கண்ணை மூடவே இல்லை. கன்னையா பிரம்பைக் கழுவிவிட்டுச் சோறு தின்னப் போனான்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அடிப்பதற்கே ஆள் இல்லாத இடத்தில் அடியாளுக்கு என்ன வேலை? கங்காணி அவனைப் போகச் சொன்னார். இத்தனை வருஷம் உழைத்தேனே என்று கன்னையா குரலை உயர்த்தினான். அவன் கையாலேயே பழக்கிவிட்ட இரண்டு பேரைக் கங்காணி ஏவினார். அவர்கள் பிரம்பை எடுக்கவில்லை, மண்வெட்டிக் காம்பை எடுத்தார்கள். வலது முழங்கால் சில்லு நொறுங்கியது. சாக்கில் சுருட்டி ரோட்டோரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். கன்னையா திருந்தியதால் தோட்டத்தை விட்டான் என்று யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம். உதைத்துத் துரத்தினார்கள், அதனால் விட்டான்.

உலு லங்காட் மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பிடிப்பு, வாதம், முடக்கு என்று எது வந்தாலும் அங்கே போய்க் காலை நனைத்தால் தேவலை என்பார்கள். கன்னையா நொண்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தான். ஊற்றுக்குப் போகிற வழியில் வீரம்மா தோசைக் கடை போட்டிருந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், வாய்க்கும் கைக்கும் பஞ்சமில்லாதவள். முதல் நாள் தோசையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“கால்ல என்ன?”

“பலகை ஏத்துற லோரியில வேல பாத்தேன். மரம் உருண்டு விழுந்துருச்சு.”

தோட்டம் என்று சொல்லத்தான் அவன் முதலில் வாயெடுத்தான், சட்டென்று மாற்றிக்கொண்டான். கொஞ்சம் முன்னால்தான் அவள் வேறொருவரிடம் தன் தம்பி நாகையாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டத்தில், பெரட்டில் அடிபட்ட அவமானம் தாங்காமல் ரப்பர் மரத்திலேயே தொங்கிவிட்டான் அவன். “அடிக்கச் சொன்னவனக்கூட நான் மன்னிச்சிருவேன். அவனுக்குப் பணத்திமிரு. அடிச்சான் பாரு ஒருத்தன், நம்ம சாதி சனத்துல பொறந்து நம்ம சோத்தத் தின்னவன், அந்தக் கைக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன்” என்றாள். கன்னையா தன் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு தோசையைத் தின்றான்.

லோரிப் பொய் நிலைத்துவிட்டது. முழங்கால் வீக்கம் வற்றுவதற்குள் அவன் அவளுக்கு விறகு பிளந்து கொடுத்தான், கடைக்கு அத்தாப்பு ஓலைக் கூரை மாற்றினான். மறு வருஷம் காஜாங் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினான். கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு கொட்டகை போட்டு, மூங்கில் தட்டி அடித்து ஐந்து அறை ஆக்கினார்கள். மேட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பங்களா இருந்தது. அதன் வாசலைக்கூட நம் ஆட்கள் மிதிக்க முடியாது. கன்னையா கொட்டகையில் கூலிக்காரனும் வந்து படுக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த இக்னேஷியஸ் தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதிக் கொடுத்தார்: ‘படுக்க இடமும் காலைப் பசியாறலும் கிடைக்கும்.’

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காஜாங் வரை ரயிலில் வந்து, பஸ் பிடித்து ஆட்கள் இறங்குவார்கள். ரயில்வேக்காரர்கள், கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், அம்பாங்கில் ஈயம் தோண்டுகிறவர்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாக்குப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை காலையில் எண்ணெய்க் குளியல். குளிக்கும் கொட்டகையில் கன்னையா ஒவ்வொருவரையும் முக்காலியில் உட்காரவைத்து, நல்லெண்ணெயைச் சூடாக்கி முதுகில் தேய்த்துவிடுவான். எந்த இடத்தில் சதை, எந்த இடத்தில் எலும்பு என்று அவன் விரலுக்குத் தெரியும். “ராசியான கைப்பா” என்று கண் சொருகிப்போய்ச் சொல்வார் இக்னேஷியஸ். வீரம்மாவுக்குப் பெருமை தாங்காது. அந்தக் கை அந்த வித்தையை எங்கே படித்தது என்று தெரிந்தால் அவள் கொட்டகைக்கே கொள்ளி வைப்பாள் என்பது கன்னையாவுக்கு மட்டும் தெரியும். ராத்திரி அவள் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இது போய்விடக் கூடாதே என்று கிடப்பான். உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே பயம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை துறைமுகத்து ஆட்களோடு சபாபதி என்ற ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும், காது ஓரம் நரைத்திருந்தது. கையில் பாயில் சுருட்டிய நீளமான மூட்டை. மற்றவர்கள் பேசிச் சிரிக்கும்போது அவன் மட்டும் கன்னையா நடமாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டான் கன்னையா.

“முதுகுதான் அண்ணே. ரொம்ப வருஷத்து வலி. உங்க கை பட்டாப் போயிரும்னு சொன்னாங்க.”

கன்னையா முகத்தைப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில், மற்றவர்களெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டுப் பசியாற விசுப்பலகைக்குப் போன பிறகு, சபாபதி கடைசி ஆளாக முக்காலியில் வந்து உட்கார்ந்தான். கொட்டகைக்குள் ஆவி மண்டியிருந்தது. அவன் முதுகு காட்டிச் சட்டையைக் கழற்றினான். கன்னையா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, தோளில் ஆரம்பித்துக் கீழே இழுத்தான். கட்டைவிரல் ஒரு தடிப்பில் தட்டியது. பக்கத்திலேயே இன்னொரு தடிப்பு. இரண்டிரண்டாக, இடைவெளி பிசகாமல், இடுப்பு வரைக்கும்.

கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றான் சபாபதி, திரும்பாமலே. கொஞ்சம் பொறுத்து, “கண்டுபிடிச்சிட்டியா?” என்றான்.

கன்னையா வாசல் தட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“ரெண்டு நாள், என் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊர் பாக்கப் போனேன். அதுக்கு நீ போட்டது இது. அதுக்கப்புறம் அவ என் மூஞ்சிய நிமிந்து பாக்கவே இல்லடா. பாத்தா அதுதான் ஞாபகம் வருதுன்னு சொன்னா. கப்பல் விட்டப்ப அவ மட்டும் ஏறிப் போயிட்டா. துறைமுகத்துல உன் பேரக் கேட்டதுமே பொறப்பட்டு வந்துட்டேன்.” சபாபதி இப்போது திரும்பினான். “உன் பொண்டாட்டி வெளிய கோப்பி கலக்குறா. அவளும் தெரிஞ்சிக்கட்டும்.”

பழைய கன்னையா எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் குந்தியிருந்தான். அடுத்த நொடியில் சபாபதியின் பிடரியைப் பிடித்துப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினான். விளாவாத வெந்நீர். முகம் போய் அதில் விழுந்ததும் சபாபதியின் கால்கள் தரையை உதைத்தன. முக்காலி பறந்து தட்டியில் மோதியது. கன்னையா நல்ல முழங்காலை அவன் முதுகில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். வாயைத் திறந்தால் கொன்றுபோடுவேன் என்று மிரட்டத்தான் நினைத்தான். ஆனால் வார்த்தை வரவில்லை, கைதான் அழுத்திக்கொண்டே போனது.

எண்ணெய் கன்னையாவைக் கெடுத்தது. வழுக்கிக்கொண்டு நழுவிய சபாபதி, அவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையோடு பிய்த்தான். நொறுங்கின முழங்காலில் குதிகாலால் ஓங்கி ஒன்று விட்டான். கன்னையா ஓலமிட்டு விழுவதற்குள் அவன் வெளியே ஓடிவிட்டான். முகம் நெருப்பாகச் சிவந்து, இடுப்பில் ஈரத்துண்டோடு முற்றத்துக்கு ஓடி, பாய் மூட்டையை உதறி, ஒரு பிரம்பை உருவினான்.

விசுப்பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தோசையைப் பிட்ட கையோடு எழுந்துவிட்டார்கள். கன்னையா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தான்.

“இவன் தோட்டத்து அடியாள்!” என்று கத்தினான் சபாபதி. “பாருங்க என் முதுக! இவன் கைதான் இது!”

“ஆள் மாறாட்டம்” என்றான் கன்னையா மூச்சிரைக்க. “மூளை கொளம்பியிருக்கு பாவம். நான் லோரிக்காரன், தோட்டத்துப் பக்கமே போனதில்ல.”

இக்னேஷியஸ் பாய்ந்து சபாபதியின் கையைப் பிடித்தார். துறைமுகத்து ஆள் ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான். “சோறு போடுற வீட்டுல கலாட்டா பண்றியா?” என்று இன்னொருவன் வயிற்றில் குத்தினான். எல்லாரும் கன்னையாவின் பக்கம். அவன் கை ராசியை அனுபவித்தவர்கள் அல்லவா?

வீரம்மா கோப்பிக் குவளையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். சபாபதியின் முதுகைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“இவரு சொல்றது நெசமா?”

“செத்துப்போன உன் தம்பி மேல ஆணை. நான் ஒருத்தரையும் அடிச்சதில்ல.”

அவள் நம்பினாள். நம்பியது அவள் முகத்திலேயே தெரிந்தது. “விடுங்க அவர” என்றாள் மற்றவர்களிடம். “அடிபட்ட மனுஷன். ஆள் தெரியாமப் பேசுறாரு. அதுக்கு நீங்களும் அடிக்கணுமா?”

விட்டதுதான் தாமதம், சபாபதி பிரம்பை ஓங்கிக்கொண்டு கன்னையாமேல் பாய்ந்தான். கன்னையாவுக்கு அந்த இடத்தில் ஒரு யோசனை வந்தது. திருப்பி அடித்தால் பழைய கை காட்டிக்கொடுத்துவிடும். குற்றம் செய்யாதவன் போலப் பொறுத்து நின்றால், வீரம்மாவின் கண்ணில் அவன் இன்னும் உயர்ந்துவிடுவான். அப்படியே திரும்பி முற்றத்துத் தூணைக் கட்டிக்கொண்டான். “அடிங்கண்ணே. உங்க மனசு ஆறும்னா அடிங்க” என்றான். அதைக் கேட்டு இக்னேஷியஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் அடி காதில் விழுந்து காது மடல் கிழிந்தது. அடுத்தது முழங்கை எலும்பில் இறங்கிக் கையே மரத்துப்போனது. சபாபதி அழுதுகொண்டே அடித்தான். அவனுக்கு அடிக்கத் தெரியவில்லை. பிரம்பு விலாவைச் சுற்றிக்கொண்டு வயிற்றில் கிழித்தது, பிடரியில் விழுந்தது, பாதி அடி தூணில் விழுந்தது. ரத்தம் கன்னையாவின் கழுத்திலிருந்து வழிந்தது. பொறுத்தான். இன்னும் பொறுத்தான். தண்டுவடத்தின்மேல் குறுக்காக ஒன்று விழுந்தபோது, வலியை மீறி அவனுக்கு எரிச்சல் பொங்கிவிட்டது.

“கால அகட்டி நில்லுடா!” என்று உறுமினான். “ரோத்தான இப்படியா புடிப்பாங்க? தோளால அடிக்காத, மணிக்கட்டால அடி. எலும்ப விட்டுட்டு சதையிலே எறக்கு. விழுந்த கோட்டு மேலயே போடாத, ஒரு வெரக்கடை தள்ளிப் போடு!”

அடுப்பில் விறகு வெடிப்பது மட்டும் கேட்டது.

தான் என்ன சொன்னோம் என்பது கன்னையாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. தூணைக் கட்டிய கையை எடுக்காமலே தலையை மட்டும் திருப்பினான். இக்னேஷியஸ் அவனைப் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார். வீரம்மாவின் கையில் குவளை சரிந்து, கொதிக்கிற கோப்பி அவள் பாதத்தில் கொட்டியது. அவள் காலை நகர்த்தவில்லை.

சபாபதி பிரம்பைக் கீழே போட்டான். அவன் வந்தது பழி தீர்க்க. பாடம் கற்றுக்கொள்ள வரவில்லை. தரையில் உட்கார்ந்து, வெந்துபோன முகத்தை முழங்கால்களுக்குள் புதைத்துக்கொண்டு தேம்பினான்.

வீரம்மா குனிந்து பிரம்பை எடுத்தாள். கன்னையா கண்ணை மூடிக்கொண்டான். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், அடித்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தான். அவள் அவன் பக்கமே வரவில்லை. அடுப்படிக்குப் போய் அதை முறித்து அடுப்புக்குள் திணித்தாள். தேங்காயெண்ணெயை எடுத்துவந்து சபாபதியின் முகத்தில் தடவினாள். ஒரு இலையைப் போட்டு, தோசையும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள்.

“பசியாறுங்கண்ணே” என்றாள். “பசியாறிட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும். ரெண்டு நாள். எவன் கேக்குறான்னு பாக்குறேன்.”

அவன் அழுதுகொண்டே தின்றான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கன்னையாவுக்கு இலை விழவில்லை.

சபாபதி அவள் சொன்னபடியே தங்கிவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனான். அவனை ஏற்றிவிட்டு வந்த வீரம்மா, அதுவரை பேசாதவள், குளிக்கும் கொட்டகை வாசலில் நின்று சொன்னாள்.

“என் தம்பி மேல ஆணை போட்டீங்க.”

கன்னையா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

“போறதுன்னா போங்க. இருக்கிறதுன்னா இந்தக் கொட்டகையிலயே கெடங்க. வர்றவங்களுக்குத் தண்ணி சொமந்து ஊத்துங்க. ஆனா ஒருத்தர் ஒடம்புலயும் அந்தக் கை படக் கூடாது.”

போய்விடலாம்தான். அவனுக்கும் மானம் இருந்திருந்தால் போயிருப்பான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவன் போகவில்லை. அவள் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் போதும் என்று அந்த ஈரத் தரையிலேயே கிடந்தான். முதுகுப் புண் சீழ் பிடித்தது. அங்கே மருந்து போட அவன் கை எட்டவில்லை. எட்டுகிற கை வரவில்லை.

கொட்டகை மட்டும் நன்றாகவே நடந்தது. இக்னேஷியஸ் அப்புறம் வருவதில்லை, ஆனால் அவர் எழுதிய பலகையைப் பார்த்துப் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. ஒரு சனிக்கிழமை, செந்தூலிலிருந்து வந்த ஒருவர் பசியாறிக்கொண்டே கேட்டார்.

“இங்க எண்ணெ தேய்க்க ஒருத்தர் இருக்காரு, ராசியான கைன்னு சொன்னாங்களே. எங்கக்கா அவரு?”

“அவருக்குக் கை வெளங்காமப் போயிருச்சுண்ணே” என்றாள் வீரம்மா, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப வெந்நீர் வாளிகளோடு கன்னையா அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கேட்டவர் அவன் கைகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இலைப் பக்கம் குனிந்து தோசையைப் பிட்டார். கன்னையா வாளிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.